சந்தை ஆட்டம் காணும் நாட்களில் நம் பங்குக் கணக்கைப் பார்த்துக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தை ஒரு வாரம் தொடர்ந்து இறங்கினால் போதும், சொந்தக்காரர்களும் பழைய அலுவலக நண்பர்களும் எனக்குப் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கோவையில் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். 2007-ல் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கி, அன்று முதல் பங்குகளை வைத்திருக்கிறேன். ஆலோசகர் அல்ல, எந்தப் பங்கை வாங்கலாம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் கணக்கு எழுதுவது எனக்குத் தெரியும். சந்தை குலுங்கும்போது நம்மைக் காப்பாற்றுவது அந்தக் கணக்குதான் என்பதை இரண்டு பெரிய சரிவுகளில் அனுபவித்துப் பார்த்திருக்கிறேன். போனில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சந்தை விழுந்துகொண்டே இருக்கிறது. இன்றைக்கு முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்?

இரண்டு விஷயத்தை மட்டும் பாருங்கள். கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருக்கிறீர்களா? புரோக்கர் தரும் மார்ஜின் வசதி, தனிநபர் கடன், நகைக் கடன் எல்லாம் இதில் அடக்கம். அடுத்து, ஓரிரு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கிறதா? மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணம் மாதிரி.

இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றால், அந்த அளவுக்கு மட்டும் இன்றே முடிவெடுக்க வேண்டும். மார்ஜினில் வாங்கிய பங்கு இறங்கினால் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார்; கட்டாவிட்டால் உங்களைக் கேட்காமலே விற்றுவிடுவார். அப்படி விற்பது பெரும்பாலும் விலை மிக மோசமாக இருக்கும் நேரமாகவே அமையும். முந்திக்கொண்டு நீங்களே குறைத்துவிடுவது நல்லது.

இரண்டுக்கும் இல்லை என்றால், இன்று எதையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எதை எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

இவ்வளவு வேகமாக விழுவது வழக்கம்தானா? மறுபடி ஏறுமா?

நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் (மும்பை பங்குச்சந்தையின் 30 பெரிய நிறுவனங்களின் குறியீடு) 21,000-ஐத் தாண்டியது. அதே வருடம் அக்டோபர் 27 அன்று இடையில் 8,000-க்கும் கீழே போய் வந்தது. பழைய உயரத்தைத் திரும்பப் பார்க்க 2010 நவம்பர் ஆனது. 2020-ல் கொரோனா வந்தபோது மார்ச் 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து 25,981-ல் முடிந்தது. இந்த முறை மீண்டு வர எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி (தேசியப் பங்குச்சந்தையின் 50 பெரிய நிறுவனங்களின் குறியீடு) 6 சதவீதம் அளவுக்குச் சரிந்தது, அந்த வாரம் முடிவதற்குள்ளேயே இழந்ததை மீட்டுவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் 26,200-க்கு மேல் போன நிஃப்டி, 2025 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க வரி அறிவிப்பின் அதிர்ச்சியில் இடையில் 21,750-க்கும் கீழே இறங்கியது.

ஆக, மீண்டு வர ஒருமுறை மூன்று நாள் ஆனது, இன்னொருமுறை ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது. எது எப்படி அமையும் என்று விழும் நாளில் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் முக்கியம். இவை எல்லாம் குறியீட்டின் கதை. குறியீட்டில் தேறாத நிறுவனத்தை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். உங்கள் கணக்கில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாய்க்கு அருகில் இருந்தது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்குத் தடை உத்தரவு போட்டது. அதன்பின் சந்தை எங்கேயோ போய்விட்டது. அந்தப் பங்கு 2025-லும் 30 ரூபாய்க்குக் கீழேதான் கிடந்தது. "சந்தை ஏறும்" என்பதும் "என் பங்கு ஏறும்" என்பதும் வேறு வேறு.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு வரி: தேதி, பங்கின் பெயர், எண்ணிக்கை, விலை, தரகும் வரியும் சேர்த்துக் கையிலிருந்து போன மொத்தத் தொகை. விற்றால் அதுவும் ஒரு வரி. டிவிடெண்ட் (நிறுவனம் தன் லாபத்திலிருந்து தரும் பணம்) வந்தால் அதுவும். இதுவரை எல்லோரும் சொல்வதுதான்.

நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இன்னொரு கட்டத்துக்காக. அதன் தலைப்பு: "ஏன் வாங்கினேன்". அதற்குப் பக்கத்தில், "எது நடந்தால் விற்பேன்". இரண்டிலும் ஒவ்வொரு வாக்கியம் போதும். "கடன் இல்லாத நிறுவனம், ஐந்து வருடமாக லாபம் கூடிவருகிறது, புது ஆலை அடுத்த வருடம் ஓடத் தொடங்கும்" என்பது காரணம். "கடன் ஏறினால், அல்லது ஆலை இரண்டு வருடம் தள்ளிப்போனால்" என்பது விற்கும் நிபந்தனை. "நண்பர் சொன்னார்" என்பதுதான் உண்மைக் காரணம் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். எழுதும்போதே பல பங்குகளை வாங்காமல் விட்டுவிடுவீர்கள்.

இதை நான் எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். 2008 ஜனவரியில் உச்சத்தில் ஏழு பங்குகள் வாங்கினேன். அக்டோபரில் அவை பாதிக்கும் கீழே வந்தபோது ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இதை ஏன் வாங்கினேன் என்று ஒன்றுக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாததால், காரணம் இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்பதும் தெரியவில்லை. கையில் இருந்தது விலை மட்டும்தான். அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஏழையும் விற்றேன். அவற்றில் மூன்று நல்ல நிறுவனங்கள். இரண்டே வருடத்தில் என் கொள்முதல் விலைக்கு மேலே போயின. மற்ற நான்கும் விற்க வேண்டியவைதான். ஆனால் எது அந்த மூன்று, எது இந்த நான்கு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஒரு வரி எழுத்து இல்லை.

2020 மார்ச்சில் நோட்டு இருந்தது. பதினோரு பங்குகள். ஊரடங்கில் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் காரணத்தையும் படித்தேன். இரண்டுக்குக் காரணம் உடைந்துபோயிருந்தது, விற்றேன். ஒன்பதை வைத்துக்கொண்டேன். பயம் 2008-ல் இருந்த அளவு அப்போதும் இருந்தது, ஆனால் கேள்விக்குப் பதில் கையில் இருந்தது.

புரோக்கர் ஆப்பில் எல்லாமே தெரிகிறதே? தனியாக எழுதுவது எதற்கு?

ஆப் காட்டுவது அந்தப் புரோக்கரிடம் உள்ளதை மட்டும். இரண்டு புரோக்கரிடம் கணக்கு இருந்தால் மொத்தப் படம் எதிலும் கிடைக்காது. ஒரு டீமேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பங்கை மாற்றினால் வாங்கிய விலை கூடவே போகாது. பல ஆப்களில் அந்த இடம் காலியாகவோ தவறாகவோ நிற்கும். விற்றுவிட்ட பங்குகளின் லாப நஷ்டம் முகப்பில் தெரியாது. நஷ்டத்தில் விற்றதெல்லாம் கண்ணிலிருந்து மறைந்து, மிச்சம் இருக்கும் பச்சை எண்களைப் பார்த்து நன்றாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம்.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் பங்கு உண்மையில் இருப்பது என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற டெபாசிட்டரியில் (பங்குகளை மின்னணு முறையில் வைத்துக் காக்கும் நிறுவனம்); புரோக்கர் இடையில் இருப்பவர். 2019 நவம்பரில், வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தவறாகப் பயன்படுத்தி அடமானம் வைத்த விவகாரத்தில் கார்வி புரோக்கிங் நிறுவனத்துக்கு எதிராக, பங்குச்சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி உத்தரவு போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதனால் புரோக்கர் சொல்வதை டெபாசிட்டரி சொல்வதோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இது கஷ்டமான வேலை இல்லை. உங்கள் பான் எண்ணை வைத்து எல்லா டீமேட் கணக்குகளையும் மியூச்சுவல் ஃபண்டுகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த அறிக்கை மின்னஞ்சலுக்கே வருகிறது. ஏதாவது வாங்கல் விற்றல் நடந்திருந்தால் அடுத்த மாதம் வரும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதில் உள்ள எண்ணிக்கையும் நோட்டில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கு அப்புறம், அரை மணி நேரத்தில் இதை முடித்துவிடுவேன்.

திடீரென்று ஒரு பங்கு பாதி விலையில் நிற்கிறது. செய்தி ஒன்றும் இல்லை. என்ன நடந்தது?

பதறுவதற்கு முன் போனஸா (கூடுதல் பங்கு தருவது), ஸ்பிளிட்டா (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), டிமெர்ஜரா (ஒரு பிரிவைத் தனி நிறுவனமாக்குவது) என்று பாருங்கள். ஹெச்டிஎஃப்சி பேங்க் 2025 ஆகஸ்டில் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. விலை ஒரே நாளில் ஏறக்குறைய பாதியானது. பங்கின் எண்ணிக்கை இரட்டிப்பானது. மொத்த மதிப்பு அப்படியே. ஆனால் போனஸ் பங்கு கணக்கில் வந்து சேர இடையில் ஓரிரு நாள் ஆகும். அதுவரை ஆப் 50 சதவீத நஷ்டம் காட்டலாம். சந்தையே விழுந்துகொண்டிருக்கும் வாரத்தில் இப்படி ஒன்று வந்தால் மனசு என்ன பாடுபடும்!

டிமெர்ஜர் இன்னும் கவனமாக எழுத வேண்டியது. 2023 ஜூலையில் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்தது. ஒரு ரிலையன்ஸ் பங்குக்கு ஒரு ஜியோ ஃபைனான்ஷியல் பங்கு கிடைத்தது. அது இலவசம் இல்லை. உங்கள் பழைய கொள்முதல் விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் புதுப் பங்குக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த விகிதத்தை நிறுவனமே அறிவித்தது. 2025 ஜனவரியில் ஐடிசி ஹோட்டல்ஸ் பிரிந்தபோதும் இப்படித்தான்; பத்து ஐடிசி பங்குக்கு ஒன்று. நோட்டில் அன்றே திருத்திவிடுங்கள். மூன்று வருடம் கழித்து விற்கும்போது தேடினால் தலைவலிதான்.

போனஸ் பங்கின் விலை வரிக் கணக்குக்குப் பூஜ்யம். அதன் வயது அது ஒதுக்கப்பட்ட தேதியிலிருந்து தொடங்கும். ஸ்பிளிட்டில் அப்படி இல்லை, பழைய தேதியே தொடரும்.

நான் உண்மையில் எவ்வளவு சம்பாதித்தேன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போட்ட பணமும் இன்றைய மதிப்பும் மட்டும் பார்த்தால் தப்பாகப் போகும். ஒரு கணக்கு பாருங்கள். 2023 ஏப்ரல் 1-ல் 1 லட்சம் போட்டீர்கள். 2025 ஜனவரி 1-ல் இன்னும் 3 லட்சம். 2025 மார்ச் 31-ல் மொத்த மதிப்பு 4 லட்சத்து 20 ஆயிரம். 4 லட்சத்துக்கு 20 ஆயிரம் என்றால் 5 சதவீதம். இரண்டு வருடம் ஆயிற்றே, வருடத்துக்கு இரண்டரைதானா என்று தோன்றும். ஆனால் 3 லட்சம் உள்ளே இருந்தது மூன்றே மாதம். தேதிகளையும் கணக்கில் எடுத்தால் வருட வருமானம் 7 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இந்தக் கணக்கைக் கையால் போட வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் எக்ஸ்ஐஆர்ஆர் என்ற சூத்திரம் இருக்கிறது. ஒரு வரிசையில் தேதி, பக்கத்தில் தொகை. போட்ட பணத்துக்குக் கழித்தல் குறி, திரும்ப வந்த பணத்துக்கும் டிவிடெண்டுக்கும் கூட்டல் குறி, கடைசி வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும். அவ்வளவுதான்.

வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? அதே தேதிகளில் அதே தொகையை ஒரு நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் (நிஃப்டியில் உள்ள பங்குகளையே அதே விகிதத்தில் வாங்கும் ஃபண்ட்) போட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதோடு. ஐந்து வருடக் கணக்கில் இன்டெக்ஸ் ஃபண்டுதான் தொடர்ந்து முன்னால் நிற்கிறது என்றால், தனிப் பங்குக்குச் செலவழிக்கும் நேரத்தைக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். என் சொந்த சேமிப்பில் பாதிக்கும் மேல் இப்போது இன்டெக்ஸ் ஃபண்டில்தான் இருக்கிறது. அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை விலையைப் பார்க்கலாம்?

நீண்ட நாள் வைத்திருப்பவர் என்றால் ஒரு தடவைகூட வேண்டாம். மாதம் ஒருமுறை போதும். நிறுவனம் காலாண்டு முடிவை வெளியிடும் நாளைக் குறித்து வைத்து, அன்று விலையை விட்டுவிட்டு முடிவைப் படியுங்கள்.

விலை இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா?

ஆவரேஜ் செய்தால் சராசரி விலை குறையும். 500 ரூபாயில் 100 பங்கு வைத்திருக்கிறீர்கள், 300-ல் இன்னும் 100 வாங்கினால் சராசரி 400. பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் அந்த ஒரு நிறுவனத்தில் உங்கள் பணம் 50,000-லிருந்து 80,000 ஆகிவிட்டது என்பதை அந்தச் சராசரி சொல்லாது. இறங்குகிற பங்கில் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஏறுகிற பங்கை "லாபம் வந்துவிட்டது" என்று விற்று, இறங்குகிற பங்கில் அந்தப் பணத்தையும் போட்டு, கடைசியில் கணக்கு முழுவதும் தேறாத பங்காக நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம் இது. நோட்டில் எழுதிய காரணம் இன்றும் அப்படியே நிற்க வேண்டும். புதிதாகப் போடும் பணமும் சேர்ந்து அந்தப் பங்கு மொத்தக் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்புறம், "இந்தப் பங்கு என்னிடம் இல்லவே இல்லை என்றால் இன்று இந்த விலையில் வாங்குவேனா?" என்று கேட்டு ஆம் என்று வர வேண்டும். வாங்கினாலும் ஒரே நாளில் முழுவதையும் வாங்க மாட்டேன். மூன்றாகப் பிரித்து, மாதத்துக்கு ஒன்றாக. 2008-ல் ஜூலையில் தரை தட்டிவிட்டது என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அக்டோபர் காத்திருந்தது.

எஸ்ஐபி (மாதாமாதம் ஒரு குறிப்பிட்ட தொகையை ஃபண்டில் போடுவது) ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தாதீர்கள். சரிவில் குறைந்த விலைக்கு அதிக யூனிட் சேர்வதுதான் எஸ்ஐபியின் பயனே.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா?

விலை ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாகவே விற்கும்படி முன்பே போட்டுவைக்கும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். தினசரி வாங்கி விற்பவருக்கு அது கட்டாயம். வருடக்கணக்கில் வைத்திருக்கும் நமக்கு அது நினைத்த மாதிரி வேலை செய்வதில்லை. 480-ல் ஸ்டாப் லாஸ் வைத்திருக்கிறீர்கள், நேற்று 500-ல் முடிந்த பங்கு இன்று காலை 430-ல் திறக்கிறது. சந்தை விலை ஆர்டர் என்றால் 430-ல் விற்கும். 480 என்று வரம்பு வைத்திருந்தால் விற்கவே விற்காது. சிறிய நிறுவனப் பங்கு லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட எல்லை) மாட்டினால் வாங்க ஆளே இருக்காது, உங்கள் ஆர்டர் வரிசையில் நிற்கும்.

2020 மார்ச் 13-ஐ நான் மறக்கவே மாட்டேன். காலையில் திறந்த சில நிமிடங்களில் நிஃப்டி 10 சதவீதம் விழுந்து, விதிப்படி வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தினார்கள். மறுபடி திறந்தபின் ஏறத் தொடங்கி, அன்றைய தினம் முந்தைய நாளைவிட ஏறக்குறைய 4 சதவீதம் மேலே முடிந்தது. காலையில் ஸ்டாப் லாஸில் வெளியே போனவர்கள் சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் கழித்து சந்தை இன்னும் கீழே போனது என்பதும் உண்மை. நான் சொல்ல வருவது, ஒரு விலையை வைத்து மட்டும் முடிவெடுத்தால் இந்த ஆட்டத்தில் நாமும் சேர்ந்து ஆட வேண்டியிருக்கும்.

அப்படியானால் எப்போதுதான் விற்பது?

நோட்டில் எழுதிய நிபந்தனை நடந்துவிட்டால். நிர்வாகத்தின் நேர்மையில் சந்தேகம் வந்துவிட்டால். தணிக்கையாளர் பாதியில் விலகுவது, புரமோட்டர் (நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளி) தன் பங்கை மேலும் மேலும் அடமானம் வைப்பது மாதிரி. இதற்குக் காத்திருக்கவே வேண்டாம். ஒரு பங்கு ஏறி ஏறி மொத்தக் கணக்கில் கால்வாசி ஆகிவிட்டால் கொஞ்சம் குறைக்கலாம். பணம் தேவை என்றாலும் விற்கலாம், அதற்காகத்தானே சேர்த்தோம்.

"வாங்கிய விலை வந்தால் விற்றுவிடுவேன்" என்பது காரணம் ஆகாது. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியாது. 50 சதவீதம் விழுந்த பங்கு பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏற வேண்டும். அவ்வளவு ஏறும் என்று நம்ப இந்தப் பங்கில் காரணம் இருக்கிறதா, வேறொன்றில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சேமிப்பில் எவ்வளவு பங்கில் இருக்கலாம்?

வயது, சம்பளம், குடும்பப் பொறுப்பு பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் முடிவு செய்த விகிதத்தை எழுதி வைத்துவிட்டு, அதைக் காப்பாற்றுங்கள். 10 லட்சத்தில் 7 பங்கிலும் 3 வைப்பு நிதியிலும் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 30 சதவீதம் விழுந்தால் 7 லட்சம் 4 லட்சத்து 90 ஆயிரம் ஆகும்; மொத்தம் 7 லட்சத்து 90 ஆயிரம். இப்போது பங்கின் அளவு 62 சதவீதம்தான். பழையபடி 70 ஆக்க 63,000 ரூபாயை வைப்பு நிதியிலிருந்து பங்குக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் விற்கும் நேரத்தில், எவ்வளவு வாங்குவது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. நன்றாக ஏறிய காலத்தில் இதே கணக்கு கொஞ்சம் விற்கச் சொல்லும்.

ஆறு மாதச் செலவுக்கான பணம் இந்தக் கணக்கிலேயே வரக் கூடாது. அது வங்கியில் தனியாக இருக்க வேண்டும். 2020-ல் சம்பளம் பாதியாகி, வேறு வழியில்லாமல் ஏப்ரல் மாதத்தில் பங்கை விற்ற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிய பங்குகளில் தவறு ஒன்றும் இல்லை.

புட் ஆப்ஷன் வாங்கிப் பாதுகாத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

விலை விழுந்தாலும் முன்பே பேசிய விலைக்கு விற்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்குவதுதான் புட் ஆப்ஷன். வேண்டாம் என்பேன். சந்தை பதற்றத்தில் இருக்கும்போது இந்தியா விக்ஸ் (சந்தையின் பதற்றத்தை அளக்கும் குறியீடு) ஏறும், ஆப்ஷன் விலையும் கூடவே ஏறும். பயந்த பிறகு வாங்கும் காப்பீடு விலை அதிகம். அதைவிடப் பெரிய ஆபத்து, பாதுகாப்புக்கு என்று உள்ளே போனவர் அங்கேயே தங்கிவிடுவது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து செபி வெளியிட்ட அறிக்கைப்படி, எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணம் இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல்.

நஷ்டத்தில் இருக்கும் பங்கை விற்றால் வரியில் பயன் உண்டா?

உண்டு. 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், வருடத்துக்கு 1 லட்சத்து 25 ஆயிரம் வரை லாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். குறுகிய கால நஷ்டத்தை இரண்டு வகை லாபத்திலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே. கழித்தது போக மிச்ச நஷ்டத்தை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ஒரே டீமேட்டில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். 2022-ல் 400 ரூபாய்க்கு 100 பங்கும், பிறகு 700 ரூபாய்க்கு இன்னும் 100 பங்கும் வாங்கியிருக்கிறீர்கள். இப்போது விலை 600. "700-க்கு வாங்கியதை விற்று 10,000 நஷ்டம் காட்டலாம்" என்று 100 பங்கை விற்றால், கணக்கில் விற்றது 400-க்கு வாங்கியது, 20,000 லாபம்! ஆப்பில் தெரியும் சராசரி விலை 550, அது இந்த இரண்டையும் சொல்லாது. தேதி வாரியாக எழுதிய நோட்டு இருந்தால் விற்பதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

விற்ற பங்கை அதே நாளில் திரும்ப வாங்காதீர்கள். அது தினசரி வர்த்தகமாகிவிடும், நோக்கம் நிறைவேறாது. மறுநாள் வாங்கலாம்.

டெலிகிராம் குழுவில் ஒருவர் சரிவிலும் லாபம் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

நம்ப வேண்டாம். லாபத்துக்கு உத்தரவாதம் தருவது செபியின் விதிகளுக்கே விரோதம். செபியில் பதிவு பெற்றவரா என்று அவர்கள் இணையதளத்தில் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். பதிவு பெற்ற புரோக்கரோ ஆலோசகரோ தவறு செய்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். குழுவில் முகம் தெரியாமல் பேசுபவரிடம் பணம் போனால் மீட்பது மிகவும் கடினம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாதே?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் மைத்துனர், ஒருவர்தான். மற்ற எல்லோரும் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் ஒவ்வொரு டீமேட் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் பல வருடம் அப்பா பெயரே இருக்கும். வங்கிக் கணக்கு மாறியிருந்தால் டீமேட்டிலும் மாற்றுங்கள். ஏழு வருடம் தொடர்ந்து வாங்கப்படாத டிவிடெண்டும், அதற்குரிய பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்ப வாங்கலாம், ஆனால் விண்ணப்பம், ஆவணம் என்று நிறைய அலைய வேண்டும்.

அப்புறம் ஒரே ஒரு தாள். எந்தப் புரோக்கர், எந்த டெபாசிட்டரி, கணக்கு எண், நாமினி யார், அறிக்கை எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது. கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். கீழே, எதை வைத்துக்கொள்ளலாம், எதை உடனே விற்றுவிடலாம் என்று உங்கள் மனைவிக்கோ கணவருக்கோ புரியும் மொழியில் இரண்டு வரி. எங்கள் வீட்டில் அந்தத் தாள் பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரல் முதல் ஞாயிறு அன்று புதிதாக எழுதி, மனைவியைப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். போன வருடம் அவர் படித்துவிட்டு, "இந்தப் பங்கை ஏன் வைத்திருக்கிறோம்?" என்று ஒன்றைக் காட்டிக் கேட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். காரணம் எழுதியிருந்தது, ஆனால் அது போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை விற்றோம்.